ஓட்டை இல்லாத தாள்

இம்கே: ...கழுத்துச் சிலுவைப் பதக்கத்தை எடுத்துக்கோங்க மாமா, தொப்பியை எடுத்துக்கோங்க, குறுவாளையும் எடுத்துக்கோங்க. அப்பாவோட காகிதத்தை மட்டும் ஒண்ணொண்ணா பார்த்துத்தான் தருவேன்.

ஹார்ம்சன்: என்ன பொண்ணு நீ! ஞாயித்துக்கிழமை சங்கத்துல உங்கப்பா பேர்ல கண்ணாடிப் பெட்டி திறப்பு. மேயர் வர்றார், ஃப்ளென்ஸ்பர்க்லேர்ந்து ஒரு அட்மிரல் வர்றார், பேண்டு சொல்லியாச்சு...

இம்கே: செத்து நாலு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள அவரைப் பெட்டியில போட்டுப் பூட்டணும் உங்களுக்கு.

ஹார்ம்சன்: முன்னாள் மாலுமிங்க சங்கத்துக்கே அவர்தான்மா பெருமை. நான் அவர் கப்பல்ல இருந்தவன். எனக்கு உரிமை இல்லையா?

இம்கே: உரிமையெல்லாம் இருக்கு. டீயில ரம் ஊத்தட்டுமா?

ஹார்ம்சன்: டாக்டர் கூடாதுங்கறார்... ஊத்து. அவன் பவேரியாக்காரன், மலையில பொறந்தவன், அவனுக்கு ரம்மைப் பத்தி என்ன தெரியும்?

இம்கே: சரி, இதைப் பாருங்க. முப்பத்தஞ்சாம் வருஷத்துது. லெப்டினன்ட் ஆனப்ப கொடுத்தது. அதுக்கு முந்தினதெல்லாம் கீல் நகரத்து வீட்டோட எரிஞ்சு போச்சு.

ஹார்ம்சன்: அடடா... என்ன கம்பீரமான காகிதம்!

இம்கே: நடுவுல ஓட்டை.

ஹார்ம்சன்: அது... எல்லார் வீட்டுலயும் அப்படித்தானே.

இம்கே: அம்மாவோட நகக் கத்தரி. நாப்பத்தஞ்சுல, எனக்கு ஏழு வயசு, பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன். மறுநாள் இங்கிலீஷ்காரன் வர்றான்னு தெருவே கூடி ஸ்வஸ்திகாவைக் கத்தரிச்சுது. எதிர்வீட்டு அம்மா தலகாணி உறையில தைச்சிருந்ததைக்கூடப் பிரிச்சாங்க. வெட்டினதையெல்லாம் அடுப்புல போட்டு, அதுலயே உருளைக்கிழங்கு வேக வச்சு சாப்பிட்டோம்.

ஹார்ம்சன்: கெட்டிக்காரப் பொம்பளைங்க. இல்லேன்னா இங்கிலீஷ்காரன் மொத்தத்தையும் ஞாபகார்த்தமா அள்ளிட்டுப் போயிருப்பான்.

இம்கே: இது ரெண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை. ஓட்டை. இது முதல் வகுப்பு. ஓட்டை. இது கண்ணிவெடி வாருற கப்பலுக்கான பதக்கம். பெரிய ஓட்டை. வீரரோட காகிதமெல்லாம் எலி கடிச்சாப்பல இருக்கு.

ஹார்ம்சன்: விளையாடாதே இம்கே.

இம்கே: இதோ, கழுத்துச் சிலுவைக்கு வந்தது, நாப்பத்துநாலு. இதுல அம்மாவோட கத்தரி வழுக்கியிருக்கு. கீழே கையெழுத்துலயும் பாதி போச்சு.

ஹார்ம்சன்: என்ன அநியாயம்! அந்தக் கையெழுத்துக்கே...

இம்கே: அந்த மீசைக்காரன் கையெழுத்துன்னு தெரியும் மாமா. அது போனதுல எனக்கு வருத்தமில்ல.

ஹார்ம்சன்: சரி, விடு. இவ்வளவுதானா?

இம்கே: ஏன், குறையுதா?

ஹார்ம்சன்: இல்ல... பரண், மேசை இழுப்பறை, பேங்க் லாக்கர்... எல்லாம் பார்த்துட்டியா?

இம்கே: எதைத் தேடச் சொல்றீங்க?

ஹார்ம்சன்: பொதுவாத்தான் கேட்டேன்.

இம்கே: சாவு அன்னைக்கே பொதுவா மேசைச் சாவி கேட்டீங்க. ஈஸ்டருக்கு வந்தப்ப பொதுவா பரண் ஏறினீங்க, அறுபது வயசுல.

ஹார்ம்சன்: சங்கத்துக்காகம்மா...

இம்கே: ஓட்டை இல்லாத தாள் ஒண்ணு இருக்கு மாமா. டீ கொட்டுது. பார்த்து.

ஹார்ம்சன்: எங்க இருக்கு? கொண்டா அதை. அது பெட்டியில வைக்கிற காகிதம் இல்ல. மே மாசத்துக் காகிதமெல்லாம்...

இம்கே: நான் மாசமே சொல்லலையே.

ஹார்ம்சன்: ஓட்டை இல்லேன்னா... உங்கம்மா கத்தரிச்சதுக்கு அப்புறம் வந்த தாளா இருக்கணும். அதை வச்சுச் சொன்னேன்.

இம்கே: அம்மா கத்தரிச்சப்பவே இந்தப் பக்கத்துல சண்டை நின்னாச்சு. சண்டை இல்லாதப்போ கப்பல்ல என்ன தாள்? போன வாரம் தெல்சே கார்ஸ்டென்ஸ் வந்திருந்தாங்க.

ஹார்ம்சன்: யாரு?

இம்கே: தெரியாதா? உங்க கப்பல்ல இருந்த ஃபெடர் கார்ஸ்டென்ஸோட அக்கா.

ஹார்ம்சன்: ஓ, அவளா! வருஷம் தவறாம சங்கத்துக்குக் கடுதாசி போடுவா. கிறுக்கு.

இம்கே: சண்டை முடிஞ்சப்புறம் உங்கப்பா என் தம்பியைச் சுட்டுட்டார்னு சொன்னாங்க. இதோ, இந்த வாசல்ல நின்னுதான் சொன்னாங்க. கப்பல்லேர்ந்து எதிர்க்கரையில அவங்க வீட்டுக் கொல்லை வரைக்கும் வெடிச் சத்தம் கேட்டுதாம். கைதி முகாமுக்குப் போற வழியில கண்ணிவெடியில சிக்கிச் செத்தான்னு நீங்க எல்லாரும் சொன்னீங்களாம்.

ஹார்ம்சன்: நீ என்ன சொன்ன?

இம்கே: வெளியே போங்கன்னேன். எங்கப்பா புயல்ல எதிரி மாலுமிங்களையே கயிறு போட்டுக் காப்பாத்தினவர்னு கத்தினேன். கதவை அந்தம்மா மூஞ்சியில சாத்தினேன்.

ஹார்ம்சன்: சரியாத்தான் செஞ்ச.

இம்கே: சரியாத்தான் செஞ்சேனா மாமா?

ஹார்ம்சன்: தாளைக் கொடு.

இம்கே: நடந்ததைச் சொல்லுங்க. அப்புறம் பேசுவோம்.

ஹார்ம்சன்: அதான் படிச்சிருப்பியே!

இம்கே: அப்பா எழுதினது எனக்கு எப்பவும் பாதிதான் புரியும். நீங்க சொல்லுங்க.

ஹார்ம்சன்: ...சின்னப் பய. ரேடியோவுல சண்டை முடிஞ்சுதுன்னு கேட்டான். கப்பல் நங்கூரம் போட்டு நிக்குது. எதிர்க்கரையில அவன் வீடு. அடுப்புப் புகை தெரியும். சின்னப் படகை அவிழ்த்துக்கிட்டுப் போயிட்டான்.

இம்கே: வீட்டுக்கு.

ஹார்ம்சன்: அனுமதி இல்லாம!

இம்கே: சண்டையே முடிஞ்சாச்சு. யார்கிட்ட அனுமதி?

ஹார்ம்சன்: கேப்டன்கிட்ட, உங்கப்பாகிட்ட! சண்டை முடிஞ்சா கப்பலும் முடிஞ்சுடுமா? உனக்குத் தெரியாதும்மா. முதல் உலகப் போர்ல, தொள்ளாயிரத்துப் பதினெட்டுல, மாலுமிங்க கலகம் பண்ணிக் கொடிமரத்துல சிவப்புக் கொடி ஏத்தினாங்களே, அந்த அவமானம் ஒவ்வொரு கடற்படை அதிகாரிக்கும் தொண்டையில முள்ளா இருந்துது. இன்னொரு தடவை அது நடக்கக் கூடாதுன்னு உங்கப்பாவுக்கு ஒரே பிடிவாதம். ஒருத்தனை விட்டா மறுநாள் நூறு பேர் போவாங்கன்னார்.

இம்கே: போகட்டுமே. போய் என்ன செய்வாங்க? சாப்பிடுவாங்க, தூங்குவாங்க.

ஹார்ம்சன்: இப்ப பேசலாம். இப்ப யார் வேணா பேசலாம்.

இம்கே: எப்படிப் பிடிச்சீங்க?

ஹார்ம்சன்: பிடிக்கறதுக்கு என்ன... மேசையில உக்காந்து மோர் சூப் குடிச்சுக்கிட்டிருந்தான். ‘நான் எங்க ஓடினேன், வீட்டுலதானே இருக்கேன்’னு சிரிச்சான். அவங்கம்மா எங்களுக்கும் சூப் ஊத்த வந்தாங்க.

இம்கே: குடிச்சீங்களா?

ஹார்ம்சன்: ...குடிச்சோம். பசி.

இம்கே: அப்புறம்?

ஹார்ம்சன்: காலையில விசாரணை. சட்டுனு முடிஞ்சுது. சுடணும்னு தீர்ப்பு. ஆனா முத்திரை இல்ல.

இம்கே: என்ன இல்ல?

ஹார்ம்சன்: தீர்ப்புல குத்துற முத்திரை. அது வேற கப்பல்ல இருந்துது. முத்திரை இல்லாம சுட்டா அது கொலை, நான் கொலைகாரன் இல்லைன்னார் உங்கப்பா. முறைப்படி நடக்கணும், மூணு பிரதி எடுக்கணும்னு ஒரு படகை அனுப்பினார். சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தோம்.

இம்கே: அவ்வளவு நேரத்துல அவருக்கு மனசு மாறலையா?

ஹார்ம்சன்: மாறும்னுதான் எல்லாரும் நினைச்சோம். படகு வரக் கூடாதுன்னு சமையல்காரன் ஜெபம் பண்ணினான். வந்துடுச்சு.

இம்கே: அப்பா எங்க இருந்தார்?

ஹார்ம்சன்: மேல் தளத்துல. சட்டையில எல்லாப் பதக்கமும் குத்திக்கிட்டு.

இம்கே: சுடுன்னு சொன்னது அவரா?

ஹார்ம்சன்: கையெழுத்து அவரோடதுதான்.

இம்கே: கையெழுத்தைக் கேட்கல. வாயைத் திறந்து சொன்னது யாரு மாமா?

ஹார்ம்சன்: நான்தான். போதுமா? எனக்கு அப்போ இருபத்திரெண்டு வயசு. அவனும் நானும் ஒரே அறையில மேலும் கீழுமா படுத்தவங்க. ‘ஹார்ம்சன், காத்து குளிருது, தொப்பி போட்டுக்கட்டுமா’ன்னு கேட்டான்.

இம்கே: போட்டுக்க விட்டீங்களா?

ஹார்ம்சன்: விதியில இல்ல. அப்படிப் பார்க்காதே இம்கே.

இம்கே: எங்க புதைச்சீங்க?

ஹார்ம்சன்: கடல்லதான். பழைய இரும்பைக் கட்டி.

இம்கே: அந்தம்மா வருஷா வருஷம் ஊர்க் கல்லறையில யாரோ பேர் தெரியாதவன் குழியில பூ வைக்கிறாங்களாம். அவனா இருக்கலாம்னு.

ஹார்ம்சன்: நான் தூங்கி எத்தனை வருஷமாச்சுன்னு உனக்குத் தெரியுமா?

இம்கே: ஞாயித்துக்கிழமை பேண்டு வைக்கிற அளவுக்குத் தூங்கியிருக்கீங்க.

ஹார்ம்சன்: போதும்மா. கேட்டதையெல்லாம் சொல்லிட்டேன். தாளைக் கொடு. அந்தத் தீர்ப்புல என் பேரும் இருக்கு. எனக்குப் பேரன் பேத்தி இருக்காங்க. உனக்கும் இது நல்லதுதான், உங்கப்பா பேரு கெடாம இருக்கும். அடுப்புல போட்டா ஒரு நிமிஷ வேலை. கொடு... எங்க வச்சிருக்க?

இம்கே: அப்படி ஒரு தாளே இல்ல மாமா. தெல்சே போனப்புறம் வீட்டைத் தலைகீழாப் புரட்டிட்டேன், கத்தரி படாதது ஒண்ணுகூட இல்ல. இருக்குன்னு பொய் சொன்னேன்... ‘எந்தத் தாள்?’னு நீங்க திருப்பிக் கேட்பீங்க, எங்கப்பா நல்லவராவே எனக்கு மிஞ்சுவார்னு நம்பித்தான் சொன்னேன்.