கடைசிப் பாட்டுக்குப் போர்த்திய சால்வை

தொண்ணூற்றொன்று, டிசம்பர் மாதத்துக் காலை. சுங்குவார்சத்திரத்தில் பூந்தமல்லி பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் இருந்த பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

“பாட்டை வுட்டுட்டேன்னு நேத்து மைக்ல சொன்னேன். கை தட்டிட்டாங்கபா.”

“நானுந்தான் மேடைல இருந்தனே. மாதா கோயில் திருவிழால திடீர்னு ஏண்ணா அப்படி சொன்ன?”

“எல்லாம் நம்ம அயர்லாந்து ஃபாதர் சொன்ன கதைதான். அவங்க ஊர்ல ஒரு பாட்டுக்காரராம். வூடு வூடா பால் ஊத்திக்கினு இருந்தவரு, சாராயக்கடைல பாடிப் பாடியே பெரிய ஆளாயிட்டாராம். வயசானப்புறம் ‘இதான் என் கடைசிப் பாட்டு’ன்னு சொன்னாராம். ஜனங்க எழுந்து நின்னு அழுது, அவரை வுடவே இல்லியாம். அதுக்கப்புறமும் பல வருஷம் பாடினாராம்.”

“நம்ம ஜனமும் அழும்னு நெனச்சிட்ட.”

“முன்வரிசைல ரெண்டு பொம்பளைங்களாவது அழுவாங்கன்னு பாத்தேன். அவங்கதான் மொதல்ல தட்டினாங்க. நீயுந்தான தட்டின.”

“தபேலா வாசிக்கறவன் கை சும்மா இருக்குமாண்ணா.”

“அது போவட்டும். நான் வுடப்போறேன்னு எங்க வூட்ல கூட சொல்லல. சொன்னவொடனே மேடைல எனக்குப் போத்தினாங்களே, அந்த சால்வை மட்டும் எப்படிடா ரெடியா இருந்திச்சி?”

தபேலாக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். செம்பரம்பாக்கம் ஏரி வந்தது. குளிர்காற்று உள்ளே அடித்தது. பாடகர் பையிலிருந்து அந்தச் சால்வையை எடுத்துக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டார்.

“நல்லாத்தான் கீது. தொண்டைய பாத்துக்கணும்டா. அடுத்த வருஷம் பாடணுமில்ல.”