ஏழாம் நம்பர்

சொரியாத, சொரியாத! நர்ஸ் மிஸ்ஸி பாத்தா கத்துவா. கைய இப்படி மடியில வெச்சிக்க, என் மொகத்தப் பாரு. பதினஞ்சு நிமிஷந்தான். அப்புறம் டாக்டர் வந்து, கையில நம்பர் போட்டுக் குத்துன எடத்துல எது எது வீங்கியிருக்குன்னு ரூலர் வெச்சு அளப்பாரு.

ஏழாம் நம்பரா அரிக்குது? அலமாக், அது பூனைம்மா. எப்படித் தெரியுமாவா? மூணு வருஷத்துக்கு மேல வர்றேன், எந்த நம்பரு எந்த அலர்ஜிக்குன்னு எல்லாம் மனப்பாடம். ரெண்டு மெத்தப்பூச்சி, நாலு கரப்பான், ஏழு பூனை. ஒங்க வீட்டுல பூனை இருக்கா? இல்லியா? அப்போ கவலைய விடு லா.

எனக்கு இன்னைக்குக் கடைசி ஊசி. போட்டாச்சு. அரை மணி நேரம் இங்கயே உக்காரணும், ஒத்துக்காம மூச்சு கீச்சு அடைச்சுதுன்னா பாக்கணுமாம். மருந்து வேற ஒண்ணுமில்ல, நமக்கு எது ஆகாதோ அதையே துளியூண்டு ஒடம்புல ஏத்துறது. மொதல்ல வாராவாரம் கொஞ்சங் கொஞ்சமா கூட்டி, அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. ஒடம்பும் சண்ட போட்டுப் போட்டு சலிச்சுப்போயி, சரி கெடந்து தொலைன்னு விட்டுருது. நெசமா கேக்குதும்மா. முன்னயெல்லாம் மூச்சுக்கு இழுக்குற பம்பு இல்லாம மீன் வாங்க பாசாருக்குக்கூடப் போக மாட்டேன். இப்போ பம்பு எங்க கெடக்குன்னே தெரியல.

எனக்கு எதுவா? மெத்தப்பூச்சி. கண்ணுக்கே தெரியாதாம், மெத்தையில லட்சக்கணக்குல கெடக்குமாம். முப்பது வருஷமா எங்க வீட்டுக்காரரு வேலு ஒருத்தர்கூடத்தான் படுக்குறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், டாக்டர்கிட்டயே சொன்னேன், மனுசன் சிரிச்சுட்டாரு. மெத்தப்பூச்சி, அப்புறம் பூனையும்னு வெச்சுக்கயேன்.

யோங் பெங்குலேருந்து வர்றேன். பஸ்ஸுதான். என் மக லோஷினி இங்க ஜேபி டவுன்லதான், இந்த கிளினிக்லேருந்து பத்து நிமிஷம். அவதான் இந்த டாக்டரத் தேடிப் புடிச்சா. இல்ல, அங்க தங்குறதில்ல. அவ வீட்டு வாசல்ல நான் காலே வெச்சதில்ல, நாலு வருஷம் ஆச்சு.

சண்டதான், வேற என்னா! சிங்கப்பூர்ல கூட வேல செய்யுற சீனப் பையன், லிம்னு பேரு, எங்களுக்குத் தெரியாம ரெஜிஸ்டர் பண்ணிட்டு மறுநாள் போன்ல சொல்றா. ஒன் வீட்டுப் பக்கமே வர மாட்டேன்டின்னு கத்திட்டேன். அதுல பாரு, பையன் தங்கமான பையன். அதுதான் எரிச்சலே, திட்டுறதுக்கு ஒண்ணும் கெடைக்கல. தீவாளிக்கு எங்க வீட்டுக்கு வந்தா ஒரு சாம்பார் வெப்பான், எங்க வீட்டுக்காரரு ரெண்டாந்தரம் ஊத்திக்கிறாரு. என் சாம்பாருக்கு அந்த மரியாத கெடையாது.

கோவமெல்லாம் ஆறே மாசத்துல போச்சும்மா. ஆனா கத்துனவ எப்படிப் போறது? வெக்கமா இருக்காதா? அப்பத்தான் அந்தப் பூனை கெடச்சுது. லிம்மோட பூனை, கல்யாணத்துக்கு முந்தியே அவன் வளத்தது, சோயா சாஸ் மாதிரி கன்னங்கரேல்னு இருக்கும், அதான் பேரு கிச்சாப். நமக்குத்தான் ஆஸ்மா இருக்கே. பூனை இருக்குற வீட்டுக்கு வந்தா எனக்கு இழுத்துக்கும்டின்னு சொல்லிட்டேன். யாரு மானமும் போகல. இந்த லூசு அத நம்பி, பூனைக்கு ஊசி இருக்கும்மான்னு என்னைய இங்க இழுத்துட்டு வந்துருச்சு. மாசாமாசம் கேப்பா, ஊசி வேல செய்யுதாம்மா, வரலாமாம்மான்னு. இன்னும் ரெண்டு ஊசி போகட்டும்னு தள்ளித் தள்ளியே வந்தேன்.

எங்க வீட்டுக்காரரா? அவரு ஜாலியா போயிட்டு வருவாரு. சட்ட பூரா பூனை முடி. நான்தான் ஒதறி ஒதறித் தொவைக்கிறேன். தும்மலா? அது வந்து... நீ ரொம்பக் கேள்வி கேக்குறம்மா.

நேத்து போன் பண்ணுறா. நாளையோட ஊசி முடியுது, இருந்தாலும் ஒனக்கு எதுவும் ஆயிறக் கூடாதுன்னு, குளுவாங்குல ஒரு கூட்டாளிகிட்ட கிச்சாப்ப அவரு குடுத்துட்டு வந்துட்டாரும்மா, நீ நேரா வீட்டுக்கு வந்துருங்குறா. லிம் போன வாங்கி, அத்தே வாங்க, பூனை இல்லேங்குறான். சொல்லும்போதே மூக்க உறிஞ்சுறான். ஆறடி ஆம்பள. ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

அந்தா, ஹாரன் அடிக்கிறா பாரு, வெள்ளக் காரு. பக்கத்துல அவனும் உக்காந்திருக்கான். எனக்கும் அரை மணி ஆயிருச்சு. டாக்டரும் வர்றாரு, கைய நீட்டு.

யம்மா, ஏழு எப்படி உப்பியிருக்கு! மொத நாளு எனக்கு இதே நாற்காலியில ரெண்டு மட்டும் கொழுக்கட்ட மாதிரி வீங்கிச்சு. ஏழு குத்துன எடமே தெரியல. டாக்டர், பூனைக்கு மட்டும் இன்னொருவாட்டி குத்துங்களேன்னு கெஞ்சினேன். பாவம், குத்தினாரு. அப்பவும் வீங்கல. இத்தன நாளு போட்ட ஊசியெல்லாம் மெத்தப்பூச்சிக்குத்தான்.

வர்றேம்மா. வீட்டுக்கு அப்புறம் போலாம், மொதல்ல குளுவாங்குக்கு விடுடி, பூனைய எடுத்துட்டு வருவோம்னு சொல்லணும். ஏன்மான்னு கேப்பா, அவனும் திரும்பிப் பாப்பான். ஒன்கிட்ட உண்மையச் சொல்ல வந்த வாயி அவங்ககிட்டயும் வரணும்.