பூசணிக்காய் யார் உடைப்பது?

ஆவடி ரயிலில் எனக்கு எதிரே இரண்டு லாரி டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆயுத பூஜைக்கு வண்டி முன்னால பூசணிக்கா யாரு உடைக்கறது? அத்த தான் மொதல்ல கேட்டேன்" என்றார் காக்கிச் சட்டைக்காரர்.

நண்பருக்குச் சிரிப்பு. "இன்னா மச்சான் நீ? மாசாமாசம் கட்டிகினே ஓட்டு, கடைசில வண்டி உன்னுதுன்றாரு ஓனரு. காலம் பூரா சம்பளத்துக்கு ஓட்டறதுக்கு இது மேல் இல்லியா? போயி பூசணிக்காய கேக்கறியே!"

"டயர் வெடிச்சா என் வண்டியாம். இன்ஜின் போனாலும் என் வண்டியாம். ஆனா எந்த லோடு ஏத்தணும்னு அவரு தான் சொல்வாராம். ஒரு மாசம் கட்டலைன்னா கட்டினதெல்லாம் போச்சாம்."

"சரி, பூசணிக்காய்க்கு இன்னா சொன்னாரு?"

"அத்த ஓனரு தான் உடைக்கணுமாம்."

"நீ இன்னா சொன்ன?"

"அப்போ டயரையும் நீயே மாத்திக்கோன்னு சாவிய டேபிள் மேல வெச்சிட்டு, நேரா வந்துகினு கீறேன்."