மணி ஓய்ந்த வீட்டுக்கு மாலையோடு வந்தோம்

பண்பிற் சிறந்த பெருந்தகையே! பஞ்சு பறக்கும் மில்லுக்குள் தூசு படியாமல் ஒரு கணிப்பொறிக் கூடத்தைக் கட்டிக் காத்த காவலரே! சூரமங்கலத்துச் சுடரே! கண்காணிப்பாளர் திருமிகு வெள்ளியங்கிரி அவர்களே! தங்கள் பணி நிறைவு நாளில் இம்மடலைப் படிக்கின்றோம். தங்கள் கதையைத் தங்கள் முகம் பார்த்துச் சொல்ல நா எழவில்லை. ஆதலால் அவையோர்க்குச் சொல்கிறோம், பொறுத்தருள்க!

எழுபத்தொன்பதில் கணிப்பொறி வந்திறங்கிய நாள் முதல் அதுவே கதியென்று கிடந்தவர் எங்கள் வெள்ளியங்கிரியார். அதை மேற்பார்க்கும் மென்பொருளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அச்சு நாடா தீர்ந்தாலும், தாள் சிக்கினாலும், மின்னழுத்தம் தாழ்ந்தாலும், பதிந்து வைத்த இடங்களிலெல்லாம் மணியடித்து அறிவிக்கும். எல்லா இடத்திலும் பதில் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வேலையைத் தொடும். அதுவரை இம்மியும் அசையாது. மில்லுக்குப் பின்புறமே குடியிருந்ததால், கம்பி இழுத்துத் தம் வீட்டிலும் ஒரு மணியை மாட்டி, அதையும் தம் பெயரில் பதிந்துகொண்டார் நம்மவர்.

அந்த மணியை ஆண்டவர் அவர் துணைவியார் சௌந்திரம் அம்மையார், ஜேடர்பாளையத்துத் தோட்டத்து விவசாயி மகள். சுற்றுவட்டாரத்து வயல் மோட்டார்களுக்குத் த்ரீ பேஸ் கரண்டு விட்டதும் மின்னழுத்தம் தாழும், மணி அடிக்கும். "தோட்டத்துக்குக் கரண்டு உட்டுட்டாங்க, தண்ணி பாயுது" என்று மகிழ்ந்தபடியே பொத்தானை அழுத்துவார். இங்கே கூடத்தில், வீட்டிலிருந்து பதில் வந்ததென்று ஒரு வரி அச்சாகும். நம்மவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். பிள்ளையில்லாத அவ்விருவரும் பகலெல்லாம் பேசிக்கொண்டது அந்த ஒரு வரியில்தான். நாங்கள் கேலி செய்யாத நாளில்லை!

போன ஐப்பசியில் ஒரு நண்பகல். மணி அடித்தது; வீட்டிலிருந்து பதில் வரவில்லை; கணிப்பொறி நின்றது. "ஏனுங்க, அம்மா தூங்கீட்டாங்களா?" என்றார் எங்களில் இளையவரான சென்னியப்பன். "அவ பகல்ல தூங்க மாட்டாளேப்பா" என்றவர், செருப்பை மறந்து ஓடினார். அம்மையார் அடுப்படியில் விழுந்து கிடந்தார். உயிர் இல்லை.

அதன்பின்னும் வீட்டு மணியை அவர் நீக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நடந்துபோய், ஆளில்லாத வீட்டில் பொத்தானை அழுத்திவிட்டு வந்தார். வேலை நின்றது, நிர்வாகம் சீறியது. ஓய்வு பெறுமுன் வீட்டு மணிக்குச் செல்லும் அறிவிப்பை ரத்து செய்தாக வேண்டும் என்று உத்தரவும் வந்தது. "அதை மட்டும் உட்டுருங்க சாமி. இனி ஊட்டுலயேதான் இருப்பேன், அடிச்ச ஒடனே அழுத்தீருவேன். அவ இருக்கறாப்புல இருக்குதுங்க" என்று மேலாளரிடம் கைகூப்பினார். வேலையில் இல்லாதவர் பதிலுக்காக மில் காத்து நிற்குமா என்றார் மேலாளர். நியாயந்தான், ஆயினும் எங்களுக்கு மனம் ஆறவில்லை.

பதிந்தவரேதான் ரத்து செய்ய வேண்டும் என்பது அந்த மென்பொருளின் விதி. நேற்று மாலை அவரே அமர்ந்து கட்டளையை அடித்தார். அறிவிப்பு ரத்தாயிற்று என்று அச்சானது. அவர் முகத்தை எங்களில் எவரும் பார்க்கவில்லை.

இன்று காலை பூமாலையோடு அவரை விழாவுக்கு அழைக்கப் போனோம். மணிக்கு அடியில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். "சித்த இருங்க, கரண்டு உடற நேரம்" என்றார். இருந்தோம். விளக்கு மங்கியது, வயல்களுக்குக் கரண்டு விட்டுவிட்டார்கள். மணி அடிக்கவில்லை. "செரி, போலாமுங்க" என்று எழுந்தார்.

ஐயா! பல்லாண்டு வாழ்க என்று முடிப்பது மரபு. எழுதிப் பார்த்தோம், கை வரவில்லை. ஆண்டுகள் நீள நீள அந்த வீட்டின் மௌனமும் அல்லவா நீளும்! அடிக்கடி வந்து பார்ப்போம் என்று சொல்லவும் வெட்கமாயிருக்கிறது. ஷிப்டு விட்டால் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் நாங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு எதை வேண்டுவதென்று தெரியவில்லை. நாளையும் வயலுக்குக் கரண்டு விடுவார்கள். கூடத்தில் மணி அடிக்கும். நாங்கள் பொத்தானை அழுத்துவோம். தங்கள் வீட்டுக்காகக் காத்திராமல் கணிப்பொறி அடுத்த வேலையைத் தொடங்கிவிடும்.

கண்ணீருடன்,
கணிப்பொறிக் கூடப் பணியாளர்கள்
சூரமங்கலம், 1987