ஒரு கண்ணுக்கு மட்டும்

“கண்ணத் தொறந்தே, கொன்னுருவேன்.”

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது. எட்டிப் பார்த்தேன். ஃபேன்ஸி ஸ்டோர் ஸ்டிக்கர் ஒட்டிய ஐஷேடோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தி தன் தோழியின் இடது இமையில் செம்புக் கலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தோழி செல்போனில் முகம் பார்த்தாள். “நம்ம நெறத்துக்கு விபூதி பூசுன மாதிரி வெளுத்துக் கெடக்குடி. நாளைக்குக் கல்யாணப் பொண்ணுக்கு இதப் போட்டே, மேடையிலயே அழுதுரும்.”

“வாய மூடு. எனக்கு அதான் மொத மேக்கப் ஆர்டரு. சொதப்புனா திரும்ப மில்லு வேலைக்குத்தான் போகணும்.”

“அதுக்கு ஏங் கண்ணுதான் கெடச்சுச்சா? ஸ்டாப்புல ஏம் மாமியா நிப்பாக. அழிச்சு விடு.”

அவள் துடைத்தாள். என்ன நினைத்தாளோ, கைப்பையிலிருந்து கண்மை டப்பாவை எடுத்து இமை முழுக்க மெல்லிசாகத் தடவி, அதன்மேல் அதே செம்புக் கலரை ஒற்றினாள். பஸ் குலுங்கியது.

“இப்பப் பாரு.”

தோழி செல்போனை முகத்தருகே பிடித்தாள். வெளுப்பு போய், இமை செம்பாய் மின்னியது. ஸ்டாப் பெயரைச் சொல்லிக் கண்டக்டர் கத்தினார்.

“என்னடி, அழிக்கவா?”

“ஏன்? வெரசா அந்தக் கண்ணுக்கும் போடுடி.”