எட்டாம் பெட்டி எடுத்துக்கொண்டது

அன்று காலை இட்லிக்கு வெஞ்சனம் போதவில்லை என்று அமலன் என் தட்டிலிருந்த சட்னியையும் வழித்துக்கொண்டார். "பொண்டாட்டி தட்டுல எடுத்தா திருட்டு இல்ல, லிடியா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஆயக்குடிக் கொய்யாத் தோட்டங்களில் மோட்டாரைத் தானாக ஓட்டும் பெட்டிகளை நாங்கள் இருவரும் மாட்டியிருந்தோம். உள்ளே ஒரு சின்னக் கணினி. மண் காய்ந்திருந்தால் குறித்த நேரத்துக்குத் தண்ணீர் விடும். நிரல் என்னுடையது, ஸ்பேனர் அவருடையது. போன கோடையில் ஒரு பெட்டி செத்துப்போய் தோட்டக்காரர் மூக்கையாவின் கொய்யாக் கன்றுகள் நாற்பது கருகின. "பொம்பள எழுதுன புரோகிராமுல மோட்டார் ஓடுமா?" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதனால் புது ஏற்பாடு ஒன்று செய்தேன். ஒரு பெட்டி இரண்டு நிமிடம் பேசாவிட்டால், பக்கத்துத் தோட்டத்துப் பெட்டி அந்த மோட்டாரையும் சேர்த்து ஓட்டும். அழகான ஏற்பாடு. முந்தின நாள்தான் முடித்திருந்தேன். அமலனிடம் இன்னும் சொல்லவில்லை.

அதைப் பார்த்துப் பெட்டிகளை மொத்தமாக வாங்கலாமா என்று முடிவு செய்யக் கோயம்புத்தூரிலிருந்து மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "நீங்களே அணைச்சுக் காட்டுனா அது நாடகமுங்க. நிசமா ஒண்ணு கெடோணும்" என்றார் அவர்களில் மூத்தவரான ஈஸ்வரன். நியாயம்தான். அப்போது அமலன் போனில் வந்தார்.

"ஏழாந் தோட்டத்துல மோட்டார் வயருல டேப் உரிஞ்சு கம்பி தெரியுது. செத்த நேரம் அமத்திட்டுச் சுத்தீர்றேன்."

எங்கள் பக்கம் மோட்டாரில் கை வைப்பவர்கள் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். பிடுங்கிவிட்டால் எந்தப் பெட்டியாலும் மோட்டாரை ஓட்ட முடியாது.

"கட்டையப் பிடுங்காதீங்க. பெட்டிய அமத்துனாப் போதும்" என்றேன்.

"ஏம்மா, அதென்ன புதுச் சட்டம்?"

"சொன்னாக் கேளுங்க."

"உத்தரவு மேடம்" என்று சிரித்தார்.

என் கணினித் திரையில் ஏழாம் பெட்டி சிவப்பானது. நூற்றிருபதிலிருந்து எண்கள் இறங்கின. ஈஸ்வரன் சின்னப்பிள்ளைபோல் சத்தமாக எண்ணினார். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். நானும் எண்ணினேன். நிறுத்தும் பொத்தான் என் விரலுக்குக் கீழே இருந்தது. டேப் சுற்ற அமலனுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும், அத்தனை நேர்த்தி. அது எனக்குத் தெரியும்.

சுழியம் வந்ததும் எட்டாம் பெட்டி எடுத்துக்கொண்டது. மூவரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அமலன் ஷாக்கடித்து இறந்தது விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. பெட்டி கெட்டுப்போனதால் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலாவது தவறு, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது கிடக்கட்டும். இரண்டாவதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். ஏழாம் தோட்டத்துக்குப் பத்து நாற்பதுக்குத் தண்ணீர் போக வேண்டும். அன்றும் பத்து நாற்பதுக்கே போனது.