எட்டு மணி மாத்திரை

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் தலைமை அறுவை மருத்துவர் அவர்களே, சிறுநீரகம் பெற்றுக்கொண்ட நண்பர்களே, கொடுத்த நல்ல உள்ளங்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாற்றுச் சிறுநீரக வார்டின் தலைமைச் செவிலியாக எத்தனையோ பேரைச் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். நம் மாத்திரை அண்ணனை வழியனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அவர் என்ன மருத்துவரா? தையல் மிஷின் பழுது பார்ப்பவர். அண்ணி தம் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்து அவரை மீட்டார். அன்று முதல், அறுவைக்குக் காத்திருக்கும் ஒவ்வொருவர் கட்டிலருகிலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் யார்? நம் அண்ணன் அல்லவா!

"பழசக் கழட்ட மாட்டாங்க. புதுசை அடிவயித்துல முன்பக்கமா மாட்டுவாங்க" என்று தம் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார். கண் விழித்தால் உடம்பெல்லாம் குழாயாக இருக்கும், பயப்படாதே என்பார். புதுச் சிறுநீரகம் சிலருக்குச் சில நாள் தூங்கும், அதுவரை டயாலிசிஸ் தொடரும் என்பார். மாத்திரையால் முகம் வீங்குமே, அதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருந்தார். கண்ணாடியில் வேறொரு ஆள் தெரிவானாம், போகப்போக அவனே கிளம்பிவிடுவானாம். ஆனால், காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது என்று சொல்லும்போது மட்டும் அவர் சிரித்ததே இல்லை.

எல்லோர் போனிலும் எட்டு மணிக்கு அவரே மணி வைத்துக் கொடுப்பார். அடித்ததும் "போட்டாச்சா?" என்பார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்க ஆயுள் முழுக்கப் போட வேண்டிய மாத்திரை ஆயிற்றே.

பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த பிறகு அண்ணி கொடுத்த சிறுநீரகம் நின்றுவிட்டது. அண்ணன் மறுபடி டயாலிசிஸ் கட்டிலுக்கே வந்தார். அவரைப் பார்த்து, அறுவைக்குக் காத்திருந்தவர்கள் கலங்கிப்போனார்கள். அக்காவிடம் சிறுநீரகம் பெறவிருந்த பள்ளி ஆசிரியை ஒருவர், இதே கட்டிலுக்குத் திரும்பி வருவதற்கா அக்காவை வெட்டச் சொல்வது என்று அறுவையே வேண்டாம் என்றுவிட்டார்.

அண்ணன் அவரைக் கூப்பிட்டார். கையில் ஊசியும் குழாயுமாகப் படுத்தபடியே பேசினார்.

"திரும்பி வந்தது நிஜந்தாம்மா. நடுவுல எங்க போயிட்டு வந்தேன்னு கேளு. என் பொண்ணு கல்யாணத்துல பந்தி பரிமாறினேன். ஒரு சொம்புத் தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சேன். உங்க அண்ணி குடுத்தது வீணாப் போகலம்மா."

டயாலிசிஸ் நாட்களில் ஒரு மிடறு தண்ணீருக்கும் அளவு பார்த்த உங்களுக்கல்லவா தெரியும் அந்தச் சொம்பின் அருமை! அண்ணி வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியை அறுவைக்குச் சம்மதித்தார். இதோ, முகக்கவசத்தோடு மூன்றாம் வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

சிறுநீரகம் நின்ற பின் அண்ணனுக்கு அந்த மாத்திரையை நிறுத்திவிட்டோம். மணியை அவர் நிறுத்தவில்லை. வார்டில் யாராவது மறந்திருப்பார்கள் என்பார். போன வாரம் வீட்டில் தூக்கத்திலேயே அவர் இதயம் நின்றுவிட்டது. அந்த ஸ்டூலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வருகிறது.

அந்த ஸ்டூலில் இனித் தாம் உட்கார ஆசிரியை அனுமதி கேட்டார். வார்டு அவருக்குத் துணை நிற்கும்; இந்தச் சபையில் உறுதி கூறுகிறேன்.

மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார்கள். அண்ணனுக்கு மௌனம் எங்கே பிடிக்கும்? இதோ, எட்டாகிவிட்டது. அண்ணியின் மடியில் அவருடைய போன்தான் முதலில் அடிக்கிறது. நிறுத்தாதீர்கள் அண்ணி, அடிக்கட்டும்.

நண்பர்களே, தண்ணீரை எடுங்கள், மாத்திரையைப் போடுங்கள். பிறகு அண்ணியின் காதில் விழும்படி ஒருமுறை எல்லோரும் சொல்லுங்கள்: போட்டாச்சு, அண்ணே.